சாம்பிள் போர்வை!

முதல் தோசை கல்லில் விழுந்த நேரம் பார்த்து டெலிபோன் அலறியது.

இன்ஸ்பெக்டர் செபாஸ்தியம்மாள் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் எடுத்தாள்.

"ஹலோ..."

எதிர்முனையில் அழுகை மட்டும்!

"யாரு பேசுறது? அழாம சொல்லுங்க!"

"செபஸ்தி... நான் செழியன்... முத்து போயிட்டான் தாயி... நம்ம முத்து..."

"என்னண்ணே சொல்றீங்க? நெஞ்சுவலியா?"

"இல்ல தாயி... ஸ்டோர் ரூம்ல கெடக்கான்... மண்டை ஒடஞ்சு... ஒரே ரத்தம்... நீ வெரசா வா!"

தோசை கருகிக்கொண்டிருந்தது. அவள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

திண்டுக்கல் நகரத்தில் செழியனும் முத்துக்கிருஷ்ணனும் இரட்டைப் பிறவிகள் என்றே பெயர். அரசு மாணவர் விடுதிகளுக்குச் சாமான் வாங்கும் அலுவலகத்தில் செழியன் சூப்பிரண்டு. முத்துக்கிருஷ்ணன் ஸ்டோர் கீப்பர். இருபது வருஷமாக ஒரே டிபன் கேரியரில் மத்தியானச் சோறு. கேரியர் முத்துக்கிருஷ்ணன் வீட்டுடையது. செழியனின் மனைவி காலமான பிறகு ராத்திரிச் சாப்பாடும் பாதி நாள் அந்த வீட்டில்தான்.

செபாஸ்தியம்மாளுக்கு இரண்டு பேருமே அண்ணன்கள். நாலு வருஷத்துக்கு முன் அவள் கணவனின் சவப்பெட்டியைச் சுமந்த தோள்களில் இரண்டு தோள் இவர்களுடையவை.

அதில் ஒரு தோள் இன்றைக்குத் தரையில் கிடக்கிறது!

ஸ்டோர் ரூம் வாசலில் ஏட்டு முகமது பாரூக் சல்யூட் அடித்தார். திண்டுக்கல் போலீஸில் வாய்க்குப் பூட்டு போடாத ஒரே ஆசாமி. இன்றைக்கு அவர் குரலும் இறங்கியிருந்தது.

"உள்ள வாங்கம்மா... மனச திடப்படுத்திக்கிட்டு வாங்க."

உள்ளே இரும்பு எடை மெஷின். அதன் விளிம்பில் ரத்தம். பக்கத்தில் முத்துக்கிருஷ்ணன் மல்லாந்து கிடந்தார். கண்கள் மூடியிருந்தன. மூட்டைகளின் ஓரம் திறக்கப்படாத டிபன் கேரியர்.

கழுத்து வரைக்கும் ஒரு சிவப்புப் போர்வை!

செபாஸ்தியம்மாள் குனிந்தாள். போர்வை சும்மா வீசப்பட்டிருக்கவில்லை. இரண்டு பக்கமும் உடம்போடு ஒட்டிச் செருகியிருந்தது. பாதங்களுக்கு அடியிலும் மடித்து விட்டிருந்தது. தூங்குகிற பிள்ளைக்குத் தாய் போர்த்துவாளே... அப்படி!

"கொன்னவனே போர்த்திட்டும் போயிருக்கான் பாருங்கம்மா. இம்புட்டு நல்லவன் எதுக்கு மண்டைய ஒடைக்கணும்?"

"நீங்க தொட்டீங்களா பாரூக்?"

"ஐயோ, நான் எதையும் தொடலம்மா."

செழியன் சுவரோரம் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்காரர் ஒரே ராத்திரியில் எழுபது ஆகியிருந்தார்.

"அண்ணே... நீங்கதான் முதல்ல பார்த்தீங்களா?"

"ஆமா தாயி. இன்னிக்கு மூணு மணிக்கு டெண்டரு. ஏற்பாடு பண்ணணும்னு வெள்ளனவே வந்தேன். டெண்டருக்கு முந்தின ராத்திரி பெட்டிக்குக் காவலா ஒருத்தர் இங்க படுக்கறது வழக்கம். நேத்து முத்து மொறை. கதவைத் தொறந்தா..."

எடை மெஷினைக் கை காட்டினார்.

"நீங்க நேத்து எப்ப கெளம்புனீங்க?"

"ஆபீஸ் முடிஞ்சதும் போயிட்டேன். செபஸ்தி... இது அந்தப் போர்வைக் கான்ட்ராக்டர் வேலை! சிவபிரகாஷ்! போன வாரம் முத்துவை இதே வராண்டாவுல வச்சு மெரட்டுனான். ஆபீஸே பாத்துச்சு!"

"எதுக்கு மெரட்டுனான்?"

பதில் வாசலிலிருந்து வந்தது.

"வீரனுக்காக!"

முத்துக்கிருஷ்ணனின் மகள் பானுப்ரியா! கல்லூரிக்குப் போகும் பெண். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. ஓடிவந்து செபாஸ்தியம்மாளைக் கட்டிக்கொண்டாள்.

"வீரன்னு ஒரு பையன் அத்தை. ஒம்பது வயசு. சிறுமலை அடிவாரத்து ஹாஸ்டல்ல இருந்தான். மார்கழிக் குளிர்ல சளி கட்டிச் செத்துப்போயிட்டான். அப்பா போய்ப் பார்த்தாரு. புதுசா குடுத்த போர்வைய நாலா மடிச்சுப் போர்த்திக் கெடந்தானாம். அப்பவும் குளிர் தாங்கலையாம். வீட்டுக்கு வந்து அப்பா மூணு நாள் சாப்பிடல."

"ம்..."

"கான்ட்ராக்டர் காட்டுன சாம்பிள் வேற, சப்ளை பண்ணுன போர்வை வேறன்னு சொன்னாரு. இன்னிக்கு டெண்டர்ல எல்லாரு முன்னாடியும் அந்தச் சாம்பிளை எடுத்துக் காட்டப்போறேன், இனி ஒரு பிள்ளை குளிர்ல சாகக்கூடாதுன்னு சொல்லிட்டுத்தான் நேத்து ராத்திரிச் சோத்தோட கெளம்புனாரு. அத்தை... அப்பாவைக் கொன்னவனைப் பிடிங்க. ஆனா அந்தப் போர்வை விஷயம் மட்டும் மூடிப்போயிடக் கூடாது. போச்சுன்னா எங்கப்பா சும்மா செத்ததா ஆயிரும்!"

"மூடிப்போகாது தாயி. நான் இருக்கேன்."

சொல்லிவிட்டாளே தவிர, எப்படி என்று அவளுக்கே தெரியவில்லை.

அரசாங்கம் சாமான் வாங்குவதில் ஒரு முறை உண்டு. கான்ட்ராக்டர் முதலில் ஒரு சாம்பிள் தரவேண்டும். அதன் மூலையில் அரக்கை உருக்கி ஊற்றி, ஆபீஸ் பித்தளை முத்திரையைப் பதிப்பார்கள். பிறகு துணியில் கட்டி, முடிச்சிலும் ஒரு முத்திரை. பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். சப்ளையில் சந்தேகம் வந்தால் எல்லார் முன்னாலும் கட்டைப் பிரித்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். நல்ல ஏற்பாடுதான். பிரித்துப் பார்க்க ஓர் ஆள் உயிரோடு இருக்கவேண்டும், அவ்வளவே!

ஒரு மனுஷன் செத்தால் ஆபீஸுக்கு லீவு விடலாம். தேதி குறித்த டெண்டரை நிறுத்த முடியாதாம்! பிணம் பின்வாசல் வழியாகப் போஸ்ட்மார்ட்டத்துக்குப் போனது. டெண்டர் பெட்டி முன்வாசல் வராண்டாவுக்கு வந்தது. மூணு மணிக்குக் கான்ட்ராக்டர்கள் கூடிவிட்டார்கள். வெளியாள் யாரும் பெட்டியில் கவர் போட்டுவிடாதபடி வழக்கம்போலத் தோளோடு தோள் நின்றார்கள்.

நடுவில் சிவபிரகாஷ். ஒட்டன்சத்திரத்துக்காரன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கவரைப் பெட்டிக்குள் விடப் போனவனின் மணிக்கட்டைப் பாரூக் பிடித்தார்.

"கவரு அப்புறம் அப்பு. மொதல்ல இன்ஸ்பெக்டரம்மாவைப் பாரு!"

"ஏனுங்க ஏட்டய்யா, கைய விடுங்க! நான் மரியாதப்பட்டவனுங்க!"

"மரியாதப்பட்டவன்தான் ஸ்டோர் கீப்பரை மெரட்டுனியா?" செபாஸ்தியம்மாள் முன்னால் வந்து நின்றாள்.

"மெரட்டுனது நெசமுங்க மேடம். கோவத்துல வாய விட்டுட்டனுங்க. ஆனா கொலையெல்லாம் நமக்கு ஆகாதுங்க! நேத்துச் சாயங்காலம் தொட்டு விடிய விடிய மச்சான் வீட்டு நிச்சயதார்த்தமுங்க. ஊரே பாத்துச்சுங்க!"

டெண்டரைத் திறக்க வந்திருந்த மாவட்ட அதிகாரி கனைத்தார்.

"மேடம், விசாரணையை வெளிய வச்சுக்கலாமே? டெண்டரை ஓப்பன் பண்ணணும்..."

"பண்ணுங்க சார். அதுக்கு முன்னாடி பழைய சாம்பிளை ஓப்பன் பண்ணுங்க. செத்துப்போனவரோட கடைசி ஆசை அது!"

வராண்டாவில் ஒரு கசமுசா. அதிகாரி செழியனைப் பார்த்தார். செழியன் கண்ணைத் துடைத்துக்கொண்டு இடுப்புச் சாவியை எடுத்தார். பீரோ திறந்தது. துணிக்கட்டு வந்தது. முடிச்சில் அரக்கு முத்திரை அப்படியே இருந்தது. உடைத்தார்கள். பிரித்தார்கள்.

சிவப்புப் போர்வை... மூலையில் அரக்கு முத்திரையோடு, கொசுவலை மாதிரி ஒன்று!

சப்ளை வந்த போர்வை ஒன்றைப் பக்கத்தில் விரித்தார்கள். அச்சாக அதே ரகம்!

"பாவம், முத்து ஏதோ தப்பா நெனச்சுட்டான் சார்," என்றார் செழியன் தழுதழுத்து. "சாம்பிளும் சப்ளையும் ஒண்ணுதான்."

பானுப்ரியாவின் முகம் செபாஸ்தியம்மாளின் கண்ணுக்குள் வந்து போனது. அந்தப் பெண்ணுக்கு என்ன பதில் சொல்வது?

அப்போதுதான் சிவபிரகாஷ் கத்தினான்.

"இது நான் குடுத்த சாம்பிள் இல்லீங்க!"

எல்லாரும் திரும்பினார்கள்.

"என்னய்யா சொல்றே?"

"மேடம், கொலைப்பழிக்கு மாட்றதுக்கு ஏமாத்துன பழியே தேவலைங்க. சொல்லிப்போடறேன்! நான் குடுத்த சாம்பிள் கம்பளிங்க. சுத்தமான கம்பளி. போத்துனா வேர்த்து ஊத்துமுங்க. அதைக் காட்டித்தான் டெண்டர் எடுத்தேன். அப்புறம் அனுப்புனது பூராம் இந்த வலைதானுங்க. நானே அவரைக் கொன்னிருந்தா மொத வேலையா அந்தக் கம்பளியத் தூக்கிட்டுப் போயி அடுப்புல போட்டிருப்பேனுங்க. இங்க எதுக்குங்க வேற போர்வைய வச்சுக் கட்டி முத்திரை போடறேன்? முத்திரை என்ன என்ற வீட்டுலயாங்க இருக்குது?"

அயோக்கியன்தான். ஆனால் சொன்ன வார்த்தையில் நியாயம் இருந்தது.

செபாஸ்தியம்மாளின் விரல்கள் தானாக மடங்கின. காலையில் முத்துக்கிருஷ்ணன் மேலிருந்து போர்வையை விலக்கியபோது கை உணர்ந்த கனம்! அழுகையை அடக்கும் அவசரத்தில் அதை அவள் யோசிக்கவே இல்லை.

"பாரூக்! ஜீப்பை எடுங்க! இந்த ஆள் இங்கேயே இருக்கட்டும். பெட்டிய யாரும் தொடக்கூடாது!"

பிணவறையில் டாக்டர் மெஹராஜ் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"டாக்டர், அந்தப் போர்வை?"

"அதோ, அந்த மேசை மேல இருக்கு."

பாரூக் தூக்கினார். "யம்மா! என்னா கனம்! ஆபீஸ்ல பாத்ததுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையே!"

செபாஸ்தியம்மாள் மூலை மூலையாகத் தடவினாள். மூன்றாவது மூலையில் ஒரு சிவப்புக் கட்டி. காலையில் உறைந்த ரத்தம் என்று நினைத்திருந்தாள். நகத்தால் சுரண்டினாள். கெட்டி! வெளிச்சத்தில் பிடித்தாள். பித்தளை முத்திரையின் பாதி எழுத்துகள் அதில் பதிந்திருந்தன.

அரக்கு!

சிவப்புப் போர்வையில் சிவப்பு அரக்கு. பக்கத்திலேயே சிவப்பு ரத்தம். பார்த்த எல்லாரும் ஏமாந்தார்கள்.

"சாம்பிள் இதுதாம்மா! அப்ப பூட்டுன பீரோவுக்குள்ள இருந்தது எப்படி அவரு மேல வந்துச்சு?" பாரூக் பேச்சை நிறுத்தினார். பீரோச் சாவி யார் இடுப்பில் இருக்கிறது, பித்தளை முத்திரை யார் மேசையில் இருக்கிறது... இரண்டும் அவருக்குத் தெரியும்.

"டாக்டர்," செபாஸ்தியம்மாளின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "அடிபட்டதும் உசிரு போயிருச்சா?"

"இல்ல. கொஞ்ச நேரம் இல்ல, ரொம்ப நேரமே உசிரோட இருந்திருக்கார். ரத்தம் வெளியேற வெளியேற உடம்பு சில்லிட்டுப் போகும். கிடுகிடுன்னு நடுங்கும். குளிருது குளிருதுன்னு கேப்பாங்க."

"யாராவது பக்கத்துல இருந்து ஒரு போன் பண்ணியிருந்தா?"

"பிழைச்சிருப்பார் மேடம். பெரிய அடியே இல்ல."

செபாஸ்தியம்மாள் அந்தக் கம்பளியைப் பிடித்தபடியே நின்றாள். ஸ்டோர் ரூமில் வாசலோரமே நானூறு போர்வை குவிந்து கிடந்தது. முன்பின் தெரியாதவன் போர்த்தியிருந்தால் அதில் ஒன்றை உருவியிருப்பான். அந்தக் குவியலில் எதுவுமே குளிர் தாங்காது என்று தெரிந்தவன்தான், பிரித்த சாம்பிளை எடுத்திருக்கிறான். தன்னைக் காட்டிக்கொடுக்கும் என்று தெரிந்தும் எடுத்திருக்கிறான்.

கர்த்தரே... அது அவராக இருக்கவேண்டாமே!

அவர் அங்கேயேதான் வந்து சேர்ந்தார். நண்பனின் உடலை வாங்குவதற்காக! பிணவறை வாசல் வேப்ப மரத்தடியில் பானுப்ரியாவுக்கு டீ டம்ளரை நீட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு வாய் குடி தாயி. காலையிலேர்ந்து பச்சத்தண்ணி பல்லுல படல..."

"செழியண்ணே." செபாஸ்தியம்மாள் கூப்பிட்டாள். "இப்படி செத்த வாங்க."

வந்தார்.

திருடனிடம் கேட்கிற கேள்விகள் ஆயிரம் அவளிடம் உண்டு. அதில் ஒன்றையும் அவள் கேட்கவில்லை.

"அண்ணே... அவருக்கு ரொம்பக் குளிருச்சா?"

செழியன் அவளைப் பார்த்தார். அவள் கையிலிருந்த கம்பளியைப் பார்த்தார்.

"ரொம்ப... ரொம்பக் குளிருச்சு தாயி..."

அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"என் பையனுக்கு இன்ஜினியரிங் சீட்டு வேணும்னு சிவபிரகாஷ்கிட்ட கை நீட்டிட்டேன். வலைப் போர்வைன்னு தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டேன். ஒரு பிள்ளை சாகும்னு நெனைக்கலையே! முத்து சாம்பிளைப் பிரிப்பேன்னு நின்னான். ராத்திரிச் சாப்பாட்டை முடிச்சிட்டுத்தான் காவலுக்கு வருவான்னு தைரியமா ஸ்டோர்ல உக்காந்து சாம்பிளை மாத்திக்கிட்டிருந்தேன். அவன் முன்னாடியே வந்துட்டான் செபஸ்தி. எனக்கும் சேத்துச் சோறு கட்டிக்கிட்டு... ரெண்டு பேரும் ஒண்ணா சாப்பிடலாம்னு..."

"அப்புறம்?"

"பிடுங்குனான். நான் விடல. தள்ளிட்டேன். எடை மெஷின்ல விழுந்துட்டான். தலைய மடியில வச்சுக்கிட்டேன். 'செழியா, குளிருதுடா'ன்னான். அந்த வலை ரெண்டை எடுத்துப் போத்துனேன். நடுக்கம் நிக்கல. கம்பளியப் போத்துனேன். 'இதான்டா நல்லாருக்கு'ன்னு சிரிச்சான் தாயி! அப்புறம் பேசல. அதை அவன் மேலேர்ந்து எடுக்க எனக்கு மனசு வரல. கட்டுக்குள்ள வலைய வச்சு, மூலையிலயும் முடிச்சுலயும் முத்திரை போட்டுட்டுப் போயிட்டேன்."

"போன் இருந்துச்சேண்ணே." இப்போது அவள் அழுதுகொண்டே கத்தினாள். "மேசை மேலதானே இருந்துச்சு! காலையில எனக்கு அழுதுக்கிட்டே பண்ணுனீங்களே... அந்த ஒரு போனை நேத்தே பண்ணியிருந்தா அவரு இன்னிக்கு உசிரோட இருந்திருப்பாரே! பாவி!"

"எடுத்தேன் தாயி. ரெண்டு தடவ எடுத்தேன். பொழைச்சு எந்திரிச்சா உண்மையைச் சொல்லிடுவானேன்னு..." முகத்தை மூடிக்கொண்டார். "வச்சிட்டேன்."

பின்னால் டம்ளர் விழுந்தது.

பானுப்ரியா நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அடிக்க ஓங்கிய கை பாதியில் நின்றது.

"சித்தப்பா... அந்தக் கேரியர்ல அடித்தட்டுல உங்களுக்குன்னு கத்திரிக்கா வெஞ்சனம் இருந்துச்சு. அப்பாவுக்குக் கத்திரிக்கா ஆகாது. உங்களுக்குன்னே அம்மா தனியா வச்சாங்க..."

அடித்திருந்தால்கூடச் செழியன் தாங்கியிருப்பார். இதைத் தாங்க முடியாமல் மண்ணில் முகம் புதைத்துக் கதறினார்.

அன்று சாயங்காலமே டெண்டர் ரத்தானது. அரக்கோடு அந்தக் கம்பளி கோர்ட்டுக்குப் போனது. விடுதிகளில் இருந்த வலைப் போர்வைகளையெல்லாம் திரும்ப எடுக்க உத்தரவு வந்தது. சிவபிரகாஷும் உள்ளே போனான்.

"நீங்க சொன்னபடி மூடிப்போகல அத்தை," என்றாள் பானுப்ரியா. சொல்லிவிட்டு, வீட்டுத் திண்ணையில் செபாஸ்தியம்மாளின் மடியில் படுத்து அழுதாள். ஜெயித்த கேஸுக்கு இப்படி அழுகிற இன்ஸ்பெக்டரை அந்தத் தெரு அன்றைக்குத்தான் பார்த்தது.

மறுநாள் கோர்ட்டில் நிறுத்திவிட்டு, இருட்டுவதற்குள் செழியனை ஜீப்பில் ஏற்றி ஜெயில் வாசலில் இறக்கினார்கள். தை மாதத்துக் காற்று சில்லென்று வீசியது. மெல்லிய சட்டையோடு செழியன் நடுங்கினார். ஒரு முறை திரும்பிச் செபாஸ்தியம்மாளைப் பார்த்தார். கதவு மூடிக்கொண்டது.

அவள் ஜீப்பில் ஏறவில்லை. கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். கொலைகாரன்தான். ஆனாலும் அவள் புருஷனைச் சுமந்த தோள்.

"பாரூக்... உள்ள போர்வை கீர்வை குடுப்பாங்களா?"

"குடுக்காம என்னம்மா? போன மாசம்தான் டெண்டர் விட்டுப் புதுசா எறக்குனாங்க."

"அப்பாடா..." பெருமூச்சு விட்டவள் சட்டென்று நிமிர்ந்தாள். "சப்ளை யாரு?"

பாரூக் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"நம்ம சிவபிரகாஷ்தாம்மா... சாம்பிள் மட்டும் பிரமாதமா இருந்துச்சாம்!"